நாமக்கல்லில் எத்தனை எழுத்து?

"நாமக்கல்" என்ற சொல்லில் எத்தனை எழுத்து? நா, ம, க், க, ல் என்று ஐந்து. இரண்டாம் வகுப்புப் பிள்ளையே சொல்லிவிடும். பைத்தான் 3-இடம் கேட்டால் 8 என்கிறது. பைத்தான் 2-இல் யூனிகோடு என்று குறிக்காமல் யூடிஎஃப்-8 சரமாகக் கொடுத்தால் 24! ஏன் இந்தக் குளறுபடி? பதில் வரலாற்றில் இருக்கிறது.

1988-இல் இந்திய மொழிகளுக்காக இஸ்கி என்ற குறியேற்றம் வந்தது. 1991 பிப்ரவரியில் கைடோ வான் ராசம் பைத்தானின் முதல் வடிவத்தை வெளியிட்டார். அதே ஆண்டு அக்டோபரில் யூனிகோடு 1.0 வந்தது. அது தமிழுக்கு இஸ்கியின் அமைப்பையே எடுத்துக்கொண்டது. தேவநாகரியின் அச்சிலேயே தமிழையும் வார்த்ததால், க-வுக்கும் ங-வுக்கும் நடுவே இன்றும் மூன்று இடங்கள் காலி. 'நா' என்பதற்குத் தனி எண் கிடையாது; ந ஒன்று, துணைக்கால் ஒன்று. புள்ளிக்கும் தனி எண். ஆக மொத்தம் 8. ஒவ்வொன்றும் யூடிஎஃப்-8-இல் மூன்று பைட்டு, எனவே 24.

2008 டிசம்பரில் வந்த பைத்தான் 3.0 எல்லாச் சரங்களையும் யூனிகோடாக்கியது. 24 என்ற பதில் ஒழிந்தது. 8 மட்டும் அப்படியே நின்றது. அதை 5 ஆக்க வந்தவைதான் கட்டற்ற லைப்ரரிகள்.

இரண்டை ஒப்பிடுவோம். முத்து அண்ணாமலையின் 'எழில்' நிரல்மொழித் திட்டத்திலிருந்து கிளைத்தது 'ஓபன்-தமிழ்'. இது தமிழ் ஒன்றையே ஆழமாகப் பார்க்கிறது. எழுத்தெழுத்தாகப் பிரிக்கிறது, அகரவரிசைப்படி ஒப்பிடுகிறது. அனூப் குன்சுக்குட்டனின் 'இண்டிக் என்எல்பி' பல இந்திய மொழிகளை ஒரே கூரையின் கீழ் கொண்டுவருகிறது. இஸ்கி தந்த ஒரே அச்சை வைத்தே ஒரு லிபியை இன்னொன்றாக மாற்றுகிறது. நமக்கு இடைஞ்சலான அதே அமைப்பு அங்கே வசதியாகிவிட்டது, பாருங்கள்!

அகரவரிசை என்ன பெரிய விஷயம் என்கிறீர்களா? பரமத்தி, பனமரத்துப்பட்டி இரண்டையும் பைத்தானிடம் கொடுத்து வரிசைப்படுத்தச் சொல்லுங்கள். பனமரத்துப்பட்டியை முதலில் வைக்கும், ஏனென்றால் யூனிகோடில் ன-வின் எண் ர-வுக்கு முந்தியது. நம் அகராதியிலோ ன கடைசி மெய். ஊர்ப் பட்டியலில் இப்படித் தப்பினால், தேடுகிறவர் தன் ஊரே இல்லை என்று போய்விடுவார்.

ஆனால் எல்லாவற்றுக்கும் லைப்ரரி தேவையில்லை. "கொல்லிமலை"யில் 'கொ'வின் குறியை ஒரே எண்ணாகவும் சேமிக்கலாம், ஒற்றைக்கொம்பு, கால் என இரண்டாகவும் சேமிக்கலாம். கண்ணுக்கு ஒன்றுதான், கணினிக்கு வேறுவேறு. தேடினால் கிடைக்காது. இதைச் சரிசெய்யும் வசதி இண்டிக் என்எல்பியில் உண்டு. பைத்தானோடு வரும் 'யூனிகோடுடேட்டா'விலும் உண்டு. வெளியே போகும் முன் வீட்டுக்குள் தேடுவது நல்லது.

இவற்றின் மூலநிரல் எல்லோருக்கும் திறந்தே கிடக்கிறது. நிறுவிப் பயன்படுத்துவதோடு நிற்காமல் உள்ளே போய்ப் படியுங்கள். உங்கள் ஊர்ப் பெயரை முதலில் எண்ணிப் பாருங்கள்.