முகம் பார்த்து ஆடும் ஆட்டம்

அகத்தின் அழகு முகத்தில் தெரியும் என்பர் நம் பெரியோர். சூதாட்ட மேசையில் அது செல்லுமா? 2003ஆம் ஆண்டு அமெரிக்காவின் லாஸ் வேகஸ் நகரில் நடைபெற்ற போக்கர் சீட்டாட்ட உலகப் போட்டியை நாம் எடுத்துக் கொள்வோம்.

கலந்து கொண்டோர் 839 பேர். இறுதியில் எஞ்சியோர் இருவர். சாம் ஃபார்ஹா, சூதாட்டத்தையே தொழிலாகக் கொண்டவர். கிறிஸ் மணிமேக்கர், சாதாரணக் கணக்கர்.

ஒரு கட்டத்தில் மணிமேக்கர் தம்மிடமிருந்த அனைத்தையும் பந்தயம் கட்டினார். உண்மையில் அவரிடம் ஒரு சோடிகூட இல்லை. ஃபார்ஹாவிடமோ ஒன்பது சோடி இருந்தது. பந்தயத்துக்கு ஈடுகட்டிச் சீட்டைக் காட்டச் சொல்வதா, விலகுவதா? ஃபார்ஹா பேச்சுக் கொடுத்து, எதிரியின் முகத்தை ஆராய்ந்தார். மணிமேக்கர் அசையாமல் அமர்ந்திருந்தார். ஃபார்ஹா சீட்டைப் போட்டுவிட்டு விலகினார். சற்று நேரத்தில் 25 லட்சம் டாலர் பரிசும் கணக்கருக்கே போயிற்று.

பலமுள்ளவன் பலவீனனாகவும், பலவீனன் பலசாலியாகவும் நடிப்பான் என்று மைக் காரோ 1984இலேயே நூல் எழுதியிருந்தார். அதை அறிந்தவர்களும் ஏமாறுகிறார்கள்.

முகம் படிப்பதே பிழைப்பானவர் தோற்ற மேசையில், சம்பள நாளன்று போய் அமரும் நாம் எம்மாத்திரம்? சிந்திப்போம்.