பாட்டு மாறும்போது ஆட்டம் நிற்காமலிருக்க

டிஜே வேலைக்கு வந்த புதிதில், ஒரு கலியாண வீட்டில் நான் பாட்டு மாற்றியதும் ஆடிக்கொண்டிருந்தவர்கள் கதிரைகளுக்குத் திரும்பிவிட்டார்கள். திரையில் இரண்டு பாட்டும் 120 பிபிஎம், வேகம் சரி. நான் மாற்றிய இடந்தான் பிழை.

நடனப் பாடல்களில் பெரும்பாலும் 4 தட்டு ஒரு பார். 8 பாருக்கு ஒருமுறை இசை மாறும். 120 வேகத்தில் அது 32 தட்டு, 16 விநாடி. நானோ பல்லவியின் நடுவில் அடுத்த குரலைப் புகுத்திவிட்டேன். இப்போது ஹெட்போனில் எண்ணி, பாட்டுக்குரல் ஓய்ந்த பகுதியின் முதல் தட்டில் அடுத்ததைத் தொடங்குகிறேன்.

இரண்டு பேஸும் சேர்ந்து ஒலித்தால் சத்தம் கலங்கும். ஆகவே புதிய பாட்டை பேஸ் இல்லாமல் உள்ளே எடுங்கள். அடுத்த 8 பார் தொடங்கும்போது பழையதன் பேஸை இறக்கி, புதியதன் பேஸை ஏற்றுங்கள்.

பைலா 6/8 தாளம். நான்கு தட்டுப் பாட்டுடன் வேகம் பொருந்தினாலும் நடை ஒட்டாது. அங்கே கலக்க முயலாதீர்கள். பல்லவி முடிந்ததும் வெட்டி, முதல் தட்டிலேயே பைலாவை விடுங்கள்.

வாசித்ததைப் பதிவுசெய்து மறுநாள் கேளுங்கள். மேடையில் காதுக்குத் தப்பிய பிழை வீட்டில் பிடிபடும்.