உளுந்த வடையும் அம் சாரியையும்

கிண்டி ரயில் நிலையத்தை ஒட்டிய தேநீர்க் கடைகளில் காதில் விழுவது ‘உளுந்த வடை’. அச்சுக்கு வரும்போது மெய்ப்புத் திருத்துவோர் அதைக் கொச்சை என்று அடித்து ‘உளுந்து வடை’ ஆக்குகிறார்கள். அந்தத் திருத்தம் வேண்டாத வேலை. ‘உளுந்த’ என்பது வழு அன்று. அம் சாரியை பெற்ற வடிவம்.

பேச்சில் ஈற்று உகரம் அகரமாகத் தேய்ந்தது, அவ்வளவுதான் என்று மறுக்கலாம். அப்படியானால் பருப்பு வடையும் ‘பருப்ப வடை’ ஆகியிருக்க வேண்டுமே! அதே கடையில், அதே வருமொழிக்கு முன், ‘பருப்பு’ மாறாமல் நிற்கிறது. எனவே ஒலித்தேய்வு காரணமாகாது. நிலைமொழியின் இனத்தைத்தான் பார்க்க வேண்டும்.

தொல்காப்பியம் குற்றியலுகரப் புணரியலில் மரப்பெயருக்கு அம் சாரியை வகுக்கிறது. அந்தச் சாரியையின் மகரம் என்னவாகும் என்பதைப் புணரியல் சொல்கிறது: க, ச, த வந்தால் ங, ஞ, ந ஆகத் திரியும், மெல்லெழுத்தோ இடையெழுத்தோ வந்தால் கெடும். இதை உளுந்தின் மேல் வைத்துப் பாருங்கள். ககரத்தின் முன் உளுந்தங்களி, உளுந்தங்கஞ்சி. பகரத்தின் முன் உளுந்தம் பருப்பு. வகரம் இடையெழுத்து, ஆகவே மகரம் கெட்டு உளுந்த வடை. விதி சொன்னபடியே வழக்கு நடக்கிறது. உளுந்தம், உளுத்தம் என்ற இரட்டை வழக்குக்கும் அங்கேயே இடம் உண்டு. மெல்லொற்று வலித்தும் வரும், வலியாத மரப்பெயர்களும் உள என்கிறது நூல். பயறும் இந்த வரிசையில்தான் சேர்கிறது: பயற்றம் பருப்பு, சென்னை வீடுகளின் பேச்சில் பயத்தம் பருப்பு.

உளுந்து மரமா என்பது வலுவான கேள்வி. ஆனால் தொல்காப்பியரே அம் சாரியை தரும் பெயர்களில் பனையும் ஒன்று. புறத்தே காழ் உடையவை புல் என்னும் மரபியல் வரையறைப்படி பனை மரமே அன்று. சாரியை, தாவரத்தின் வடிவத்தைக் காட்டிலும் அதற்கும் அதிலிருந்து வருவதற்கும் உள்ள உறவையே காட்டுகிறது என்பது என் கருத்து. துவரையாகிய செடி துவரைச் செடி. துவரையின் பருப்பு துவரம் பருப்பு. பண்டைக் கிரேக்க மொழியில் மைசூர்ப் பருப்பின் மணி ‘ஃபகோஸ்’, ஆண்பால். அதைச் சமைத்த உணவு ‘ஃபகே’, பெண்பால். அங்கே ஈறும் பாலும் செய்கிற வேலையில் ஒரு பங்கை இங்கே சாரியை செய்கிறது.

கடலைப் பருப்பு இதற்குள் அடங்கவில்லை. ‘கடலம் பருப்பு’ என்று எவரும் சொல்வதில்லை. ஐகார ஈற்றுப் பெயர்களில் அம் ஏற்பனவும் உள என்றுதான் நன்னூலும் சொல்கிறது. எல்லாம் ஏற்கும் என்று சொல்லவில்லை. துவரை ஏற்றது, கடலையும் மொச்சையும் ஏற்கவில்லை. உகர ஈற்று உளுந்தையும் பயற்றையும் இந்த விலக்கு தொடாது. அகராதிகள் உளுந்த வடையைப் பேச்சுத் திரிபு என்று ஒதுக்காமல், உளுந்தங்களிக்கு அடுத்து, அதே சாரியைக் குறிப்போடு பதிய வேண்டும்.