பேய்க்கதையின் மூலமும் மறுவார்ப்பும்

காங்கேயத்தைச் சுற்றியுள்ள கொறங்காடுகளை அறியாதார் கொங்கு நாட்டில் இலர். முள்கிளுவை வேலியிட்ட மேய்ச்சல் நிலம்; தரையில் கொழுக்கட்டைப் புல்; இடையிடையே வெள்வேல மரங்கள். பெயர்பெற்ற காங்கேயக் காளைகள் மேய்ந்து வளர்வது இந்நிலத்திலேதான். பகலில் அங்கே அச்சத்திற்கு இடமே இல்லை. நிலவு காயும் இரவிலோ, வெள்வேலின் வெளிறிய அடிமரம் தனித்து வருவோனுக்கு வெள்ளாடை உடுத்து நிற்கும் ஓர் உருவமாகத் தோன்றும். விடிந்ததும் அது கதையாகும். அக்கதையைக் கேட்டவன் மறுநாள் இரவு அதே மரத்தடியில் இரண்டு உருவங்களைக் காண்பான். பேய்க்கதைக்கு மூலமும் மறுவார்ப்பும் இவ்வாறே உண்டாகின்றன.

இக்காலத்தில் அந்தக் கதையைச் சொல்லும் பொறுப்பைத் திரைப்படம் ஏற்றுக்கொண்டுவிட்டது. ‘மணிச்சித்திரத்தாழ்’ சிறந்ததா, ‘சந்திரமுகி’ சிறந்ததா என்று இளைஞர்கள் தேநீர்க் கடைகளில் வழக்காடுவதை நாம் கேட்டிருக்கிறோம். அறபுப் பாடம் நடத்துவோர்க்குத் திரைப்படத்தில் என்ன வேலை என்று வாசகர் சிலர் முகஞ்சுளிக்கக்கூடும். ஆயினும் ஒருவர் சொன்ன கதையை மற்றொருவர் தம் மொழியில் திருப்பிச் சொல்லும்போது எது தங்குகிறது, எது உதிர்கிறது என்னும் ஆராய்ச்சி நமக்குப் புதியதன்று. அறபு உரைநடை இலக்கியத்தின் தலைவாயிலே ஒரு மறுவார்ப்புத்தானே!

நம் நாட்டுப் பஞ்சதந்திரக் கதைகள் ஆறாம் நூற்றாண்டில் பஹ்லவி மொழிக்குச் சென்றன. எட்டாம் நூற்றாண்டில் இப்னுல் முகஃப்ஃபஉ அவற்றைக் ‘கலீலா வ திம்னா’ என்னும் பெயரில் அறபில் ஆக்கினார். பஹ்லவிப் பிரதி அழிந்துபோயிற்று. அறபு நூலோ நிலைத்து நின்று, பல மொழிகளுக்குத் தாயாயிற்று. நூலில் சூழ்ச்சிக்கார நரியாகிய திம்னாவை வழக்கு மன்றத்தில் நிறுத்தித் தண்டிக்கும் இயல் ஒன்றுண்டு. குற்றவாளி தப்பிவிடலாகாது என்று கருதி இப்னுல் முகஃப்ஃபஉ தாமே அதனைச் சேர்த்தார் என்பது அறிஞர் பலரின் கருத்து. மறுவார்ப்பை அளக்கும் கோல் நமக்கு இங்கே கிடைக்கிறது. மாற்றினார்களா என்பதன்று கேள்வி. எதன் பொருட்டு மாற்றினார்கள் என்பதே கேள்வி.

கொங்கு நாடும் மறுவார்ப்புக் கலையில் பழகிய நாடுதான். கோவையில் எஸ். எம். ஸ்ரீராமுலு நாயுடு நடத்திய பட்சிராஜா ஸ்டூடியோ, நாமக்கல் கவிஞர் எழுதிய ‘மலைக்கள்ளன்’ நாவலை 1954-இல் படமாக்கிக் குடியரசுத் தலைவரின் வெள்ளிப் பதக்கம் பெற்றது. அடுத்த ஆண்டே அதனை ‘ஆசாத்’ என்னும் பெயரில் இந்தியில் எடுத்தார் நாயுடு. எம். ஜி. ஆர். ஏற்ற வேடத்தை அங்கே திலீப் குமார் ஏற்றார். தெலுங்கு, மலையாளம், கன்னடம், சிங்களம் ஆகிய மொழிகளிலும் அக்கதை உலவியது. வீரனின் கதை எல்லை தாண்டுவது எளிது. வாளும் குதிரையும் எல்லா மொழிகளிலும் ஒன்றே. அச்சத்தின் கதை அவ்வாறன்று. அஃது ஒரு வீட்டின் இருட்டிலும், ஒரு குடும்பம் பேசாமல் மறைத்த செய்தியிலும் பிறப்பது. ஆகவேதான் பேய்ப்படத்தை மறுவார்ப்பது கடினம்.

அச்சம் எங்கே பிறக்கிறது என்பதை நம் முன்னோர் ஆராய்ந்திருக்கின்றனர். பாலைவனத்தில் உருமாறி வழிப்போக்கரை அலைக்கழிக்கும் ‘கூல்’ என்னும் பேயை அறியாமைக் கால அறபியர் நம்பினர். அந்நம்பிக்கையை நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் மறுத்ததாக ஸஹீஹ் முஸ்லிமில் அறிவிப்பு உண்டு. இது ஜின் என்னும் படைப்பை மறுப்பதன்று. மனிதரை வழிகெடுக்க அதற்கு இருப்பதாகக் கற்பித்த ஆற்றலையே மறுப்பது என்று விரிவுரையாளர் விளக்குவர். பஸராவின் பேரறிஞர் ஜாஹிஸ் (மறைவு ஹிஜ்ரி 255) தம் ‘கிதாபுல் ஹயவான்’ நூலில் இன்னும் ஒருபடி மேலே செல்கிறார். ஆளற்ற வெளியில் நெடுநாள் தனித்திருப்பவனுக்குச் சிறியது பெரியதாகத் தோன்றும். இல்லாத ஒலி கேட்கும். பின்னர் அவன் அதனைப் பாட்டாக்கிப் பிறரையும் நம்பவைப்பான் என்னும் கருத்தை, தம் ஆசிரியர் நள்ளாமின் வழிநின்று எடுத்துரைக்கிறார். நம் கொறங்காட்டு வெள்வேலின் கதையும் அதுவேயன்றோ!

மொழியிலும் இவ்வுண்மை பொதிந்துள்ளது. ‘ஜின்’ என்னும் சொல்லின் வேர் மறைதலைக் குறிக்கும். கருவில் மறைந்திருக்கும் சிசு ‘ஜனீன்’. மரங்கள் அடர்ந்து தரையை மறைக்கும் சோலை ‘ஜன்னத்’. அறிவு மறைக்கப்பட்டவன் ‘மஜ்னூன்’. பேய் பிடித்தவன், மனநோயாளி ஆகிய இரு பொருளையும் அந்த ஒரே சொல் தாங்கி நிற்கிறது. நம் திரைப்படங்களின் வரலாறும் இவ்விரு பொருளுக்கும் இடையே ஊசலாடும் வரலாறே எனலாம்.

முற்காலப் படங்கள் மூன்றாவது ஒரு வழியைக் கொண்டிருந்தன. ராஜ் கோஸ்லா இயக்கி 1964-இல் வெளிவந்த ‘வோ கௌன் தீ’ என்னும் இந்திப் படம், 1966-இல் ஜெய்சங்கரும் ஜெயலலிதாவும் நடிக்க ‘யார் நீ’ என்று தமிழுக்கு வந்தது. மழையில் நனைந்து நிற்கும் மர்மப் பெண், இடுகாடு, நள்ளிரவுப் பாட்டு என்று அச்சுறுத்திய பின்னர், எல்லாம் சொத்துக்காக நடந்த மோசடி என்று கதை முடியும். கதைநாயகனைப் பித்தனாகக் காட்டிவிட்டால் உடைமை கைமாறிவிடும் என்பதே சூழ்ச்சி. பேய் என்பது பொய் என்று அப்படங்கள் கூறின. நன்று. ஆனால் உண்மையிலேயே சித்தம் கலங்கியவர்க்கு அவற்றில் இடம் இருக்கவில்லை.

அந்த இடத்தை அளித்தது ஃபாஸில் இயக்கிய ‘மணிச்சித்திரத்தாழ்’. மது முட்டம் எழுதிய அக்கதை 1993 டிசம்பரில் மலையாளத்தில் படமாக வெளிவந்தது. பெற்றோர் தொலைவில் இருக்க, பாட்டியிடம் பழங்கதைகள் கேட்டு வளர்ந்த கங்கா, கணவனின் பழைய மாளிகைக்கு வருகிறாள். அங்கே பூட்டிக் கிடந்த அறையைத் திறக்கிறாள். கொடுமையாகக் கொல்லப்பட்ட நாகவல்லி என்னும் நாட்டியப் பெண்ணின் துயரம் அவளுடைய உள்ளத்தில் குடியேறுகிறது. அது பேயன்று, நோய் என்று கண்டுகொள்கிறார் கணவனின் நண்பரான மனநல மருத்துவர். அவர் மந்திரவாதியை எள்ளி நகையாடவில்லை. அவரையும் துணையாகக் கொண்டே அப்பெண்ணைக் குணப்படுத்துகிறார். மருத்துவம் அங்கே கதைக்கேற்ப எளிமையாக்கப்பட்டதுதான். எனினும் நோயாளியை நோக்கும் கண் நேரானது. மோகன்லால் போன்ற பெருநடிகர் கதை வெகுதூரம் சென்ற பின்னரே வருகிறார். அதுவரை நாம் அப்பெண்ணோடு வாழ்ந்துவிடுகிறோம். கங்காவாகத் தோன்றிய ஷோபனாவுக்குத் தேசிய விருது கிடைத்ததில் வியப்பில்லை.

இக்கதை பி. வாசுவின் கையால் 2004-இல் கன்னடத்தில் ‘ஆப்தமித்ரா’ ஆயிற்று. 2005 ஏப்ரல் 14-இல் தமிழில் ‘சந்திரமுகி’ ஆயிற்று. பிரியதர்ஷன் 2007-இல் அதனை ‘பூல் புலையா’ என்று இந்தியில் எடுத்தார். தமிழ்ப் படம் சென்னை சாந்தி திரையரங்கில் 800 நாட்களுக்கு மேல் ஓடியது. ஜோதிகாவின் நடிப்பைக் குறைத்து மதிப்பிடுவார் இலர். ஆனால் மாற்றம் எதன் பொருட்டு நிகழ்ந்தது என்று நம் அளவுகோலை வைத்துப் பார்த்தால் விடை தெளிவாகும். மூலத்தில் பிந்தி வந்த மருத்துவர் இங்கே தொடக்கத்திலேயே சண்டையோடும் பாட்டோடும் வருகிறார். மூலத்தில் கொடுங்கோலன் ஓவியமாகவும் நிழலாகவுமே நிற்க, இங்கே வேட்டையன் என்னும் அரசனாக ரஜினிகாந்தே உருக்கொண்டு சிரிக்கிறார். மக்கள் அச்சிரிப்பைக் கொண்டாடினர். கொல்லப்பட்டவள் அழ, கொன்றவனுக்குக் கைதட்டல் கிடைத்தது! இப்னுல் முகஃப்ஃபஉ குற்றவாளியைக் கூண்டில் ஏற்றினார். இங்கோ அவன் அரியணையில் ஏறினான்.

மற்றொன்றையும் நோக்குதல் வேண்டும். மலையாளத்தில் நாகவல்லி தஞ்சையிலிருந்து வந்த தமிழ்ப் பெண். கன்னடத்தில் அவள் தெலுங்குப் பெண். தமிழில் சந்திரமுகி ஆந்திரத்து நாட்டியக்காரி. இந்தியில் மஞ்சுலிகா வங்காளி. ஒவ்வொரு மொழியும் தன் பேயை அண்டை மொழியில் பேசவைத்திருக்கிறது. நம் வீட்டுப் பெண் திடீரென அயல்மொழி பேசினால் நமக்கு அச்சம் பிறக்கிறது. அந்த அயல்மொழிக்காரியும் ஒரு தாயின் மகள், அநீதியாய்க் கொல்லப்பட்டவள் என்று உணர்ந்தாலோ அச்சம் இரக்கமாகிறது. மூலம் நம்மை அந்த இரக்கத்தில் கொண்டுபோய் நிறுத்துகிறது. மறுவார்ப்புகள் பெரும்பாலும் அச்சத்திலும் வேடிக்கையிலும் நின்றுவிடுகின்றன.

இஃது இரசனை பற்றிய வழக்கு மட்டுமன்று. மணிச்சித்திரத்தாழுக்குப் பின்னும் சந்திரமுகிக்கு முன்னும், 2001 ஆகஸ்டு 6 அன்று, இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் தர்காவை ஒட்டி இயங்கிய தனியார் காப்பகம் ஒன்றில் தீப்பற்றியது. சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த மனநோயாளிகள் தப்பி ஓட இயலாமல் கருகினர். உயிரிழந்தோர் 28 பேர். எல்லாச் சமயத்தவரும் தம் மக்களை அங்கே கொண்டுபோய் விட்டிருந்தனர். உச்ச நீதிமன்றம் தானே முன்வந்து அவ்வழக்கை எடுத்தது. 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், நோயாளியை எவ்வகையிலும் சங்கிலியிடலாகாது எனத் தடைசெய்துள்ளது. ‘மஜ்னூன்’ என்னும் சொல்லின் இரு பொருளில் எதைத் தேர்கிறோம் என்பது ஓர் உயிரின் விலையாகிவிடும் என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

நம்மவர் இதனை அறியாதவரும் அல்லர். கி.பி. 934-இல் மறைந்த அபூ ஸைத் அல்பல்கீ, உடல்நலத்தையும் உளநலத்தையும் இணைத்து எழுதிய நூலில் அச்சம், சினம், துயரம், வஸ்வாஸ் ஆகிய ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே மருந்து கூறினார். சுல்தான் கலாவூன் 1284-இல் கெய்ரோவில் எழுப்பிய மருத்துவமனையில் மனநோயாளிகளுக்கெனத் தனிப் பகுதியே இருந்தது. அந்த மூலத்தை மறந்து, சங்கிலி என்னும் மறுவார்ப்பை நாம் கைக்கொண்டோம். திரைப்படக்காரரை மட்டும் குறைகூறிப் பயனென்ன?

நடுநிலையோடு சொல்வதாயின், சந்திரமுகிக்கும் ஒரு பெருமை உண்டு. இது பேயன்று, மனநோய் என்னும் செய்தியை, மலையாளப் படத்தைக் கண்டிராத கோடிக்கணக்கான தமிழரிடம் கொண்டுசேர்த்தது அதுதான். பாட்டும் சிரிப்பும் கலந்தேனும் அம்மருந்தை அது ஊட்டிற்று. ஆகவே கலையில் மூலம் வென்றது; பரவலில் மறுவார்ப்பு வென்றது என்பது நம் தீர்ப்பு. இரண்டுக்கும் துரோகம் செய்தவை பின்னர் வந்த தொடர்ச்சிகள். 2022-இல் வந்த ‘பூல் புலையா 2’, 2023-இல் வந்த ‘சந்திரமுகி 2’ ஆகிய இரண்டிலும் நோய் போய், மெய்யான ஆவியே திரும்பி வந்துவிட்டது. மருத்துவர் தேவையற்றவரானார். முப்பது ஆண்டு நடந்த வழியைக் கதை பின்னோக்கி நடந்து, பழைய வெள்வேல மரத்தடிக்கே வந்து நின்றுவிட்டது.

இரவில் அம்மரத்தைக் கண்டு அஞ்சுவது குற்றமன்று. அது மனித இயல்பு. அருகில் சென்று அடிமரத்தைத் தொட்டுப் பார்க்கும் துணிவைத் தருவது எக்கதையோ, அதுவே நல்ல கதை. தேநீர்க் கடையில் வழக்காடும் நம் இளைஞர்க்கு நாம் கூற விரும்புவது இதுவே: எந்தப் படத்தில் அதிகம் அஞ்சினீர்கள் என்று கேட்டுக்கொள்ளாதீர்கள், எந்தப் படம் முடிந்த பின்னர், உங்கள் தெருவில் சித்தம் கலங்கித் திரியும் பெண்ணை வேறு கண்ணோடு பார்த்தீர்கள் என்று கேட்டுக்கொள்ளுங்கள். மூலமும் மறுவார்ப்பும் அந்தக் கேள்வியில் தாமே தரம் பிரிந்துவிடும்.