பட்டியலில் இல்லாத புள்ளி: சென்னை முதல் காவலூர் வரை

சிறுகோள் தேடலின் வரலாற்றைத் தொலைநோக்கிகளின் வரலாறாகவே பெரும்பாலும் எழுதுகிறோம். ஆடியின் விட்டம், கண்டவரின் பெயர், கண்ட நாள் ஆகியவற்றோடு கதை முடிந்துவிடுகிறது. ஆனால் தொலைநோக்கி மட்டும் சிறுகோளைக் காட்டித் தருவதில்லை. அதன் வழியே நோக்கினால் சிறுகோளும் மங்கலான விண்மீன் போன்ற ஒரு புள்ளியே. நேற்று இருந்த இடத்தில் இன்று இல்லை என்பதே அதன் அடையாளம். ஒரு சொல் புதியது என்று சொல்ல, முன்னரே ஓர் அகராதி வேண்டும். அதுபோல ஒரு புள்ளி புதியது என்று சொல்ல, அப்பகுதியின் விண்மீன்கள் குறிக்கப்பட்ட ஒரு பட்டியல் வேண்டும்.

இதனாலேயே இத்துறை தொழில்முறை வானியலாளர் அல்லாதோர்க்கும் இடமளித்தது. 1807இல் வெஸ்டா கண்டறியப்பட்ட பின் 38 ஆண்டுகள் புதிய சிறுகோள் எதுவும் அகப்படவில்லை. அந்த இடைவெளியை முடித்து வைத்தவர் கார்ல் ஹென்கே என்னும் ஜெர்மானிய அஞ்சலக அலுவலர். விண்மீன் வரைபடங்களை வைத்துக்கொண்டு தம் வீட்டிலிருந்து ஏறத்தாழ 15 ஆண்டுகள் தேடி, 1845 டிசம்பர் 8 அன்று அஸ்திரேயாவைக் கண்டார். பாரிஸ் ஓவியர் ஹெர்மன் கோல்ட்ஷ்மிட் 1852இல் தம் குடியிருப்பிலிருந்தே லுட்டேஷியாவைக் கண்டார்.

நம் பக்கத்தில் இத்தகைய பட்டியல் உருவான இடம் சென்னை வானாய்வகம். 1792இல் நுங்கம்பாக்கத்தில் நிறுவப்பட்ட அதன் கருங்கல் தூணில் தமிழும் பொறிக்கப்பட்டுள்ளது. இங்கு இயக்குநராயிருந்த தாமஸ் கிளான்வில் டெய்லர் ஏறத்தாழ 11,000 விண்மீன்களின் இருப்பிடங்களை அளந்து 1844இல் பட்டியலாக வெளியிட்டார். அவரிடம் பயின்ற ஜக்காராவ், 1840இல் விசாகப்பட்டினத்தில் தம் இல்லத்திலேயே ஒரு வானாய்வகம் அமைத்தார். பின்னர் அதனைப் பேணிய மருமகன் நரசிங்க ராவ், 1868 சூரிய கிரகணத்தையும் 1874இல் வெள்ளி சூரியனைக் கடந்ததையும் நோக்கிப் பதிவு செய்தார். வீட்டு வானாய்வகம் நம்மிடையே நேற்று வந்த பொழுதுபோக்கன்று.

நார்மன் ராபர்ட் போக்சன் 1861இல் சென்னை வானாய்வகத்தின் பொறுப்பை ஏற்றார். அதே ஆண்டு ஏப்ரல் 17 அன்று, பட்டியலில் 67ஆம் எண் பெற்ற சிறுகோளைக் கண்டார். ஆசியக் கண்டத்திலிருந்து கண்டறியப்பட்ட முதல் சிறுகோள் என்பதால் அதற்கு ‘ஆசியா’ என்றே பெயரிட்டார். சாப்போ (1864), சில்வியா (1866), கமில்லா (1868), வீரா (1885) ஆகிய நான்கும் சென்னையிலிருந்தே தொடர்ந்தன. ஐந்துக்கும் உரியவர் என்னும் இடத்தில் ஒரே பெயர் நிற்கிறது.

அதே வானாய்வகத்தில் 1840 முதல் பணிபுரிந்தவர் சிந்தாமணி ரகுநாதாச்சாரி. விண்மீன்களின் இருப்பிடங்களை இரவுதோறும் அளப்பதே அவர் கடமை. 1867இல் ரெட்டிகுலம் என்னும் தென்வான விண்மீன் குழுவில் ஒரு விண்மீனின் ஒளி மாறுவதை அவர் கண்டறிந்தார். ‘ஆர் ரெட்டிகுலி’ என்று இன்று வழங்குவது அதுவே. முறையளவில் இது சிறுகோள் தேடலின் உடன்பிறப்பு. சிறுகோள் பட்டியலோடு இடத்தில் முரண்படுகிறது. மாறும் விண்மீன் ஒளியில் முரண்படுகிறது. முந்தைய பதிவை நம்பிப் படிப்பவருக்கே இரண்டும் தென்படும். 1874 வெள்ளிக் கடப்பை விளக்கும் நூலை அவர் உரையாடல் வடிவில் எழுதி, ஆங்கிலத்திலும் இந்திய மொழிகளிலும் வெளியிட்டார். கண்ணால் நோக்கியதோடு ஒத்துப்போகும் பஞ்சாங்கக் கணிதத்துக்காகவும் வாதிட்டார். நோக்கலைப் பதிவோடு ஒப்பிடும் பழக்கம் அவரிடம் வானாய்வகச் சுவருக்குள் அடங்கிவிடவில்லை.

வீராவுக்குப் பின் 103 ஆண்டுகள் இந்தியாவிலிருந்து ஒரு புதிய சிறுகோளும் பதிவாகவில்லை. போக்சன் மறைந்த 1891ஆம் ஆண்டிலேயே ஹைடல்பெர்க்கில் மாக்ஸ் வோல்ஃப் ஒளிப்படத்தின் மூலம் முதன்முதலாக ஒரு சிறுகோளைக் கண்டறிந்தார். விண்மீன்கள் புள்ளிகளாகப் பதியும் தகட்டில் நகரும் சிறுகோள் ஒரு சிறு கோடாகப் பதிந்துவிடும். கண்ணும் வரைபடமும் செய்த ஒப்பீட்டைத் தகடு தானே செய்யத் தொடங்கிய காலத்தில், இங்கே அரசின் கவனம் சூரியன்பால் திரும்பியது. 1899இல் கோடைக்கானல் வானாய்வகம் அதற்கென்றே எழுந்தது. ஆகவே அந்த நூற்றாண்டு மௌனத்துக்குத் திறமைக் குறைவைக் காரணமாகச் சொல்வது பொருந்தாது. பணியின் திசை மாறியதே அதனை விளக்கும்.

மௌனம் கலைந்தது சவ்வாது மலையில். காவலூர் வானாய்வகத்தின் 45 செ.மீ. ஷ்மிட் தொலைநோக்கி கொண்டு, 1988 பிப்ரவரி 17 அன்று ஆர். ராஜமோகன் கண்டறிந்த சிறுகோள் 4130ஆம் எண்ணும் ‘ராமானுஜன்’ என்னும் பெயரும் பெற்றது.

ஒக்கலிபுரத்து மொட்டை மாடியில் நின்றால் தெருவிளக்குகளை வென்று தெரியும் விண்மீன்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். ஆயினும் தேடல் இந்நகர மாணவர்க்கு மூடிய கதவன்று. பிறநாட்டுத் தொலைநோக்கிகள் சில நிமிட இடைவெளிகளில் எடுத்த படங்களைக் கணினியில் மாற்றிமாற்றிக் காட்டி, நகரும் புள்ளியைத் தேடும் பன்னாட்டுத் திட்டங்களில் இந்திய மாணவர்கள் பங்கேற்கின்றனர். ஹென்கேயும் ரகுநாதாச்சாரியும் செய்த அதே ஒப்பீடுதான் அது.

இதில் வரலாற்று மாணவர்க்கும் ஒரு பணி உண்டு. சென்னை வானாய்வகத்தின் பதிவேடுகள் இன்று பெங்களூரு கோரமங்கலாவில், இந்திய வானியற்பியல் நிறுவனத்தின் ஆவணக்காப்பகத்தில் உள்ளன. கண்டுபிடிப்பாளரின் பெயரைத் தேடி மட்டும் அவற்றைப் புரட்டினால் ஐந்து சிறுகோள்களே கிடைக்கும். ஒவ்வோர் இரவும் எண்களை எழுதிவைத்த கைகளைத் தேடிப் படித்தால், அந்த ஐந்தையும் காணக்கூடியனவாக்கிய உழைப்பு கிடைக்கும்.