ஒரே வடிவப் படகு: அளவுகோல் யார் கையில்?

டோக்கியோ ஒலிம்பிக்கில் சென்னையைச் சேர்ந்த நேத்ரா குமணன் செலுத்திய படகின் பெயர் 'லேசர் ரேடியல்'. பாய்மரப் படகுப் பிரிவில் ஒலிம்பிக்குக்குத் தகுதி பெற்ற முதல் இந்தியப் பெண் அவர். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கின் பாய்மரப் போட்டிகள் மார்சேய் நகரில் நடைபெற்றபோது அவர் செலுத்திய படகின் பெயர் 'ஐஎல்சிஏ 6'. படகின் வகை மாறவில்லை, பெயர்தான் மாறியிருந்தது. விளையாட்டுச் செய்திகளில் பலரும் கவனிக்காமல் கடந்துவிட்ட இந்தப் பெயர் மாற்றத்துக்குப் பின்னால், முற்றுரிமை குறித்து பொருளாதார வகுப்பறைகளில் நான் பல ஆண்டுகள் கற்பித்த பாடம் ஒன்று உள்ளது. சிறு பாய்மரப் படகுப் போட்டிகளின் எதிர்காலமும் அதனுடன் பிணைந்திருக்கிறது.

பாய்மரப் படகுப் போட்டி நெடுங்காலம் செல்வந்தர்களின் விளையாட்டாகவே இருந்தது. ஒருவர் வேகமான படகைக் கட்டினால், மற்றவர் அதைவிட வேகமான படகைக் கட்டுவார். முதலாமவரின் படகு உடனே மதிப்பிழக்கும். அனைவரும் மேலும் மேலும் செலவழிப்பர். ஆனால், வெற்றி பெறுபவர் ஒருவரே. நாடுகளின் ஆயுதப் போட்டிக்கும் இதற்கும் அடிப்படையில் வேறுபாடு இல்லை.

இந்த வீண்செலவைத் தடுக்க, 1887-இல் அயர்லாந்தின் டப்ளின் விரிகுடாவில் 'வாட்டர் வேக்' என்ற படகு வகுப்பு தொடங்கப்பட்டது. போட்டியில் கலந்துகொள்ளும் அனைத்துப் படகுகளும் ஒரே வடிவில் இருக்க வேண்டும். வெற்றியைப் பணப்பை தீர்மானிக்காமல் திறமை தீர்மானிக்க வேண்டும் என்பதே அதன் நோக்கம். ஒரே வடிவப் படகுப் போட்டிகளின் தொடக்கம் இதுவே என்று கருதப்படுகிறது. பின்னாளில் இதன் வடிவத்தைத் திருத்தி அமைத்தவர் மேமி டாயில் என்ற பெண். அந்தப் படகுகள் இன்றும் அங்கே போட்டியிடுகின்றன.

ஒரே வடிவம் என்பது, தேவையற்ற செலவில் இறங்குவதில்லை எனப் போட்டியாளர்கள் தமக்குள் செய்துகொள்ளும் ஒப்பந்தம் ஆகும். அந்த ஒப்பந்தத்தை உலகளவில் கொண்டு சென்ற படகு 'லேசர்'.

1969-இல் கனடாவைச் சேர்ந்த இயன் புரூஸ் தொலைபேசியில் பேசிக்கொண்டிருந்தபோது, வடிவமைப்பாளர் புரூஸ் கிர்பி ஒரு தாளில் வரைந்த கோட்டோவியமே அதன் கரு. 1971 நியூயார்க் படகுக் கண்காட்சியில் அது அறிமுகமானது. ஏறத்தாழ 4.2 மீட்டர் நீளம், 60 கிலோவுக்குள் அடங்கும் உடற்பகுதி, ஒரே பாய், செலுத்துவதற்கு ஒருவர் போதும். காரின் மேற்கூரையில் கட்டி எடுத்துச் செல்லலாம். இதுவரை 2 லட்சத்துக்கும் மேற்பட்ட படகுகள் கட்டப்பட்டுள்ளன. 1996 அட்லாண்டா ஒலிம்பிக்கில் லேசர் இடம்பெற்றது. 2008 பெய்ஜிங்கில் அதன் 'ரேடியல்' வகை மகளிர் பிரிவில் சேர்க்கப்பட்டது.

இதன் பொருளாதாரச் சிறப்பு வேறொன்று. உடற்பகுதி ஒன்றுதான், பாய்கள் மூன்று அளவுகளில் உள்ளன. பாயையும் பாய்மரத்தின் கீழ்ப்பகுதியையும் மாற்றினால் சிறுவர்கள், மகளிர், ஆடவர் என எல்லோரும் அதே படகைப் பயன்படுத்தலாம். ஒரு சங்கத்திடம் பத்துப் படகுகள் இருந்தால் மூன்று தலைமுறை வீரர்களை உருவாக்கலாம். வசதி குறைந்த நாடுகளுக்கு இது பெரும் வாய்ப்பு.

ஆனால், எல்லாப் படகுகளும் ஒன்றுபோல் இருக்க வேண்டுமெனில், அளவுகோலை யாராவது காக்க வேண்டும். லேசரில் அந்தப் பொறுப்பு, உரிமம் பெற்ற தயாரிப்பாளர்களிடம் விடப்பட்டது. உலகம் பகுதிகளாகப் பிரிக்கப்பட்டு, ஒவ்வொரு பகுதிக்கும் ஒரே தயாரிப்பாளர் என்ற நிலை உருவானது. அங்கீகரிக்கப்பட்ட பாயும் உதிரிபாகமும் பொருத்திய படகே போட்டியில் இறங்கலாம். மலிவான மாற்றுப் பாய் பயிற்சிக்கு உதவுமே தவிர, பந்தயத்துக்கு உதவாது. சமத்துவத்தைக் காப்பதற்கென இயற்றப்பட்ட விதியே, விற்பவருக்கு முற்றுரிமையையும் வழங்கிவிட்டது.

அடுத்து நிகழ்ந்தது எதிர்பார்க்கக்கூடியதே. வடிவமைப்பு உரிமை, வணிகப் பெயர், தயாரிப்பு உரிமம் ஆகியவை வெவ்வேறு கைகளில் இருந்ததால், 2013-இல் பிணக்கு அமெரிக்க நீதிமன்றத்துக்குச் சென்றது. 2019-இல் பன்னாட்டு லேசர் வகுப்புச் சங்கம், முக்கியத் தயாரிப்பாளர் ஒருவருக்கான அங்கீகாரத்தை விலக்கிக்கொண்டது. 'லேசர்' என்ற வணிகப் பெயர் சங்கத்தின் கையில் இல்லாததால், அதன் பெயர்ச் சுருக்கமான 'ஐஎல்சிஏ' என்பதே படகின் பெயராயிற்று. நேத்ராவின் படகு பெயர் மாறிய கதை இதுதான்.

அதே ஆண்டில், உலகப் பாய்மரப் படகுக் கூட்டமைப்பு ஸ்பெயினின் வலென்சியாவில் லேசரையும் அதற்கு மாற்றாக முன்வைக்கப்பட்ட புதிய படகுகளையும் சோதித்தது. மதிப்பீட்டுக் குழு பரிந்துரைத்தது, ஏறத்தாழ 30 கிலோ எடையே உள்ள 'ஆர்எஸ் ஏரோ' என்ற படகை. ஆயினும், கூட்டமைப்பின் பேரவை பழைய படகையே தக்கவைத்தது. தகுதியுள்ள எந்தத் தயாரிப்பாளருக்கும் நியாயமான, பாகுபாடற்ற நிபந்தனைகளில் உரிமம் வழங்க வேண்டும் என்பது அதற்கான விதி. அதன் பின்னர் ஐரோப்பாவிலும் ஆசியாவிலும் புதிய தயாரிப்பாளர்கள் அங்கீகாரம் பெற்றனர்.

சிறந்த படகு இருக்கப் பழையதைத் தேர்ந்தது பிழை எனச் சிலர் வாதிடுகின்றனர். என் கருத்து வேறு. ஒரே வடிவப் படகின் மதிப்பு அதன் வேகத்தில் மட்டும் இல்லை. அதே படகை எத்தனை பேர் வைத்திருக்கிறார்கள் என்பதிலும் இருக்கிறது. போட்டியிட எதிராளி வேண்டும். விற்க வாங்குபவர் வேண்டும். சேதமானால் உதிரிபாகம் வேண்டும். படகை மாற்றும் முடிவு எடுக்கப்பட்ட நாளிலேயே, உலகெங்கும் சங்கங்களின் கொட்டகைகளில் உள்ள படகுகள் மதிப்பிழக்கும். செல்வ நாடுகள் புதியனவற்றை வாங்கிவிடும். மற்றவர்கள் பல ஆண்டுகள் பின்தங்குவர்.

இந்தக் கவலை கற்பனையன்று. 2023-இல் ஹாங்சோவில் நடைபெற்ற ஆசிய விளையாட்டுப் போட்டியில், மத்தியப் பிரதேசத்தின் விவசாயக் குடும்பத்தில் பிறந்து, கடலே இல்லாத போபாலின் ஏரியில் பயின்ற நேஹா தாக்குர், இந்தப் படகின் மிகச்சிறிய பாய் கொண்ட 'ஐஎல்சிஏ 4' பிரிவில் வெள்ளி வென்றார். வேலூரைச் சேர்ந்த ராணுவ வீரர் விஷ்ணு சரவணன் 'ஐஎல்சிஏ 7' பிரிவில் வெண்கலம் வென்றார். ஹைதராபாதின் உசேன் சாகர் ஏரியில் எளிய குடும்பங்களின் பிள்ளைகள், 1947-இல் அமெரிக்காவில் உருவான 'ஆப்டிமிஸ்ட்' என்ற சிறுவர் படகில் பயில்கின்றனர். படகு எளியதாகவும் நிலையானதாகவும் இருப்பதே இவர்களுக்குக் கதவைத் திறக்கிறது.

மறுதரப்பு வாதத்தையும் புறக்கணிக்க இயலாது. நீருக்கடியில் உள்ள இறக்கை போன்ற தகடுகளின் உதவியால் நீர்ப்பரப்புக்கு மேலே எழும்பிப் பறக்கும் கலங்கள் இளைஞர்களை ஈர்க்கின்றன. தொலைக்காட்சிக்கும் அவை உகந்தவை. பாரிஸ் ஒலிம்பிக்கின் 10 பாய்மரப் போட்டிகளில் 5, இத்தகைய கலங்களுக்கானவை. 1952 முதல் இருந்துவந்த 'ஃபின்' படகு, டோக்கியோவுடன் விடைபெற்றது. அரை நூற்றாண்டுப் பழைமையுள்ள படகை எவ்வளவு காலம் தாங்கிப்பிடிப்பது என்ற கேள்வி நியாயமானதே. 'வாஸ்ப்' போன்ற பறக்கும் படகுகளும் ஒரே வடிவ விதியைப் பின்பற்றுகின்றன. எனவே, வேகமும் சமத்துவமும் ஒன்றுக்கொன்று பகையல்ல.

ஆகவே, எந்தப் படகு என்பதைவிட, எத்தகைய விதிகளின்கீழ் அந்தப் படகு என்பதே முக்கியமான கேள்வி. என் பார்வையில் மூன்று நெறிகள் தேவை. முதலாவது, ஒலிம்பிக்கில் இடம்பெறும் எந்தப் படகின் வடிவமும் பெயரும் தனியொரு நிறுவனத்தின் பிடியில் இருக்கக் கூடாது. வடிவமைப்பாளருக்கு உரிய உரிமத்தொகை கிடைக்கட்டும்; ஆனால், அளவுகோல் விளையாட்டின் பொதுச்சொத்தாக இருக்க வேண்டும். இரண்டாவது, படகை மாற்றுவதெனில் குறைந்தது இரண்டு ஒலிம்பிக் சுற்றுகளுக்கு முன்பே அறிவிக்க வேண்டும். பழைய படகுகள் தம் ஆயுளை முடிக்க அந்த அவகாசம் உதவும்.

மூன்றாவது நெறி நமக்கானது. உரிமம் திறந்துவிடப்பட்டுள்ள இந்தச் சூழலில், இந்தியாவிலேயே அங்கீகாரம் பெற்ற படகுகளைக் கட்ட முயல வேண்டும். கண்ணாடியிழைப் படகு கட்டுவதில் நம் கடற்கரை ஊர்களுக்கு நீண்ட அனுபவம் உண்டு. படகுகளைத் தனிநபர்கள் வாங்குவதை எதிர்பார்க்காமல், அரசும் சங்கங்களும் பொதுவில் வாங்கிப் பிள்ளைகளுக்கு அளிக்க வேண்டும். தமிழ்நாட்டின் ஆயிரம் கிலோமீட்டருக்கும் மேற்பட்ட கடற்கரையில் பாய்மரப் பயிற்சி ஒருசில இடங்களுடன் நின்றுவிடுவது முறையன்று.

2028 லாஸ் ஏஞ்சலீஸ் ஒலிம்பிக்கிலும் ஐஎல்சிஏ படகுகள் இடம்பெற உள்ளன. அதன் பிறகு என்ன என்பது குறித்த விவாதங்களில் தயாரிப்பாளர்களின் குரலும் ஒளிபரப்பாளர்களின் குரலும் ஓங்கி ஒலிக்கும். போபால் ஏரியிலும் சென்னைத் துறைமுகத்திலும் பயிலும் பிள்ளைகளின் சார்பாக இந்தியாவும் அங்கே பேச வேண்டும்.

கட்டுரையாளர்: பொருளாதாரப் பேராசிரியர் (ஓய்வு)