நெடுவரிசை அகலக் கட்டுப்பாடு (இணைய அட்டவணை)

இணையப் பக்கத்தில் கட்டம் போட்டுக் காட்டும் அட்டவணையில் எந்த நெடுவரிசைக்கு எவ்வளவு இடம் என்பதை உலாவியின் போக்கில் விட்டுவிடாமல், ஜாவாஸ்கிரிப்ட் நிரலால் அளந்து, மாற்றி, நினைவில் வைக்கும் முறையே நெடுவரிசை அகலக் கட்டுப்பாடு. தமிழ்நாட்டுக் கணிதப் பாடநூலில் குறுக்கே போவது நிரை, நெடுக்கே இறங்குவது நிரல். கணினித் தமிழிலோ நிரல் என்றால் புரோகிராம். இரண்டும் ஒரே வாக்கியத்தில் வந்தால் குழப்பம் வரும் என்பதால் இந்த முறையின் பெயரில் 'நெடுவரிசை' என்ற சொல் ஆளப்படுகிறது. பேச்சு வழக்கில் அது 'காலம்' (column); கீழே அச்சொல்லே வரும்.

இந்த நுட்பம் எதற்கு என்பதைப் புரிந்துகொள்ளத் தேனி மாவட்டத்து ஏலக்காய் விலைப்பட்டியல் நல்ல சான்று. கேரளத்து இடுக்கி மலைகளில் விளையும் ஏலக்காய், நறுமணப் பொருள் வாரியத்தின் மின்னணு ஏல மையங்கள் வழியாகப் போடிநாயக்கனூரிலும் எல்லைக்கு அப்பால் புற்றடியிலும் விலைபோகிறது. போடிநாயக்கனூரில் மின்னணு ஏலம் வந்தது 2007-ல். வாரியம் இணையத்தில் வெளியிடும் தினசரி விலைப்பட்டியலில் எட்டுக் காலங்கள் உண்டு: வரிசை எண், ஏலத் தேதி, ஏலம் நடத்திய நிறுவனம், லாட் எண்ணிக்கை, வந்த சரக்கு, விற்ற சரக்கு, அதிகபட்ச விலை, சராசரி விலை. சரக்கு கிலோவிலும் விலை ரூபாயிலும் இருக்கும். தோட்டக்காரர் முதலில் தேடுவது எட்டாவது காலத்தை. நிறுவனத்தின் முழுப் பெயரைத் தாங்கும் மூன்றாவது காலம்தான் அதிக இடத்தைக் கேட்கிறது. கைபேசி அகலத்தில் இப்படியொரு பட்டியலை அப்படியே விட்டால் பெயர் நடுவில் நிற்கும், விலை திரைக்கு வெளியே போய்விடும். அகலம் அழகு பற்றிய விஷயம் மட்டும் அன்று. எது முதலில் கண்ணில் படவேண்டும் என்ற முடிவும் அதில் அடங்கியிருக்கிறது.

விலையின் இலக்கங்களும் நிலையாக நிற்பதில்லை. ஏலக்காய் கிலோ சில நூறு ரூபாய்க்குப் போன ஆண்டுகள் உண்டு. 2019 ஆகஸ்டில் அதிகபட்ச விலை 7,000 ரூபாயைத் தொட்டது. மூன்று இலக்கத்துக்கென்று இறுக்கிய காலத்தில் காற்புள்ளியும் பைசாவும் சேர்ந்த நாலிலக்க விலை அடங்காது. கம்பம் பள்ளத்தாக்கு விவசாயிகள் நாள்தோறும் பார்க்கும் அணை நீர்மட்டப் பட்டியலிலும் இதே சிக்கல் உண்டு. முல்லைப் பெரியாறு 152, வைகை 71, மஞ்சளாறு 57, சோத்துப்பாறை 126.28, சண்முகாநதி 52.55 என்று அடியில் சொல்லும் முழு உயரமே ஒவ்வொன்றும் ஒரு நீளம். எண்களை வலப்பக்கம் ஒட்டி, எல்லாவற்றுக்கும் இரண்டு தசம இடம் கொடுத்து நிறுத்தினால்தான் கண் ஒரே ஓட்டத்தில் இறங்கும்.

இணைய அட்டவணையின் தொடக்கம் டேவ் ராகெட் 1993-ல் முன்வைத்த எச்.டி.எம்.எல். பிளஸ் வரைவு. 1995-ல் நெட்ஸ்கேப் 1.1 உலாவி அதைப் பலர் கைக்குக் கொண்டுவந்தது. ஜாவாஸ்கிரிப்ட் மொழியை பிரெண்டன் ஐக் நெட்ஸ்கேப் நிறுவனத்தில் உருவாக்கியதும் அதே ஆண்டில்தான். 1996-ல் ராகெட் எழுதிய ஆர்.எஃப்.சி. 1942 ஆவணம் வெளியானது. உலாவி தானாக அகலம் கணக்கிடும் முறையை அது விளக்கியது. ஒவ்வொரு காலத்திலும் உடைக்க முடியாத மிக நீண்ட சொல் எதுவோ அதுவே அந்தக் காலத்தின் குறைந்தபட்ச அகலம். மடிக்காமல் ஒரே வரியில் எழுதினால் வரும் நீளம் அதிகபட்ச அகலம். இவ்விரண்டுக்கும் இடையில் மிச்ச இடம் பங்கிடப்படும்.

புதிதாக நிரல் எழுதுவோர் பலரும் தடுமாறுவது இங்கேதான். 'இந்தக் காலம் 60 பிக்சல்' என்று நிரல் கட்டளையிடும். அந்தக் காலத்தில் 90 பிக்சல் சொல் ஒன்று இருந்தால் உலாவி கட்டளையைப் புறந்தள்ளிச் சொல்லுக்கே இடம் தரும். நிரலில் பிழை தேடிப் பயனில்லை, விதியே அப்படி. இதற்கு மாற்று, பக்கத்தின் தோற்றத்தை வரையறுக்கும் சி.எஸ்.எஸ். மொழியின் 1998-ல் வந்த இரண்டாம் பதிப்பில் உள்ள நிலை அமைப்பு (fixed layout). அதில் முதல் வரிசையும் 'கால்' (col) குறிகளும் சொல்லும் அகலமே இறுதி, உள்ளடக்கத்துக்குப் பேச்சில்லை. அட்டவணைக்கென்று மொத்த அகலம் ஒன்றைக் கொடுக்காவிட்டால் நிலை அமைப்பு செயல்படாது என்பதை மறக்கக்கூடாது.

எக்செலில் காலத்தின் ஓரத்தைப் பிடித்து இழுத்துப் பழகிய கை இணையத்திலும் அதையே எதிர்பார்த்தது. இழுத்து அகலமாக்கும் நிரலின் வேலை மூன்று கட்டம். ஓரத்தில் விரல் பட்டதும் அப்போதைய அகலத்தையும் விரல் நின்ற இடத்தையும் குறித்துக்கொள்வது முதல் கட்டம். விரல் நகர நகர வித்தியாசத்தைக் கூட்டிக் 'கால்' குறியின் அகலத்தை மாற்றுவது அடுத்தது. விரல் எடுத்ததும் அந்த எண்ணை உலாவியின் உள்சேமிப்பில் வைப்பது கடைசி. மறுநாள் அதே பக்கத்தைத் திறந்தால் நேற்று வைத்த அகலம் அப்படியே இருக்கும். சுட்டிக்கும் தொடுதலுக்கும் தனித்தனியாக எழுதவேண்டியிருந்த நிரல், 2015-ல் பரிந்துரையாக வந்த பாயின்டர் நிகழ்வுகளால் ஒன்றானது. தலைப்பு வரிசை மேலேயே நிற்கவேண்டும் என்பதற்காக இரண்டு அட்டவணைகளை அடுக்கி, ஒன்றின் அகலத்தை மற்றதற்கு நிரலால் நகலெடுத்த நாள்களும் உண்டு. ஒட்டிநிற்கும் அமைப்பை உலாவிகளே ஏற்றபின் அந்தச் சிரமம் போனது.

தமிழுக்கு வரும்போது ஒரு தனிச் சிக்கல் சேர்கிறது. ஆங்கிலத்துக்கு எழுதிய நிரல்களில் சில, எழுத்துகளை எண்ணிப் பெருக்கி அகலத்தை ஊகிக்கும். 'போடிநாயக்கனூர்' நம் கணக்கில் எட்டெழுத்து. யூனிகோடில் துணைக்குறியும் புள்ளியும் தனித்தனி எண் பெறுவதால் ஜாவாஸ்கிரிப்ட் அதைப் பதினான்கு என்று எண்ணும். இந்த இரண்டு எண்ணில் எதுவும் அகலம் ஆகாது. 'னூ' எடுக்கும் இடம் வேறு, 'ர்' எடுக்கும் இடம் வேறு. எழுத்துருவைக் கொண்டு திரையில் வரைந்து அளப்பதே சரியான வழி. அதிலும், தமிழ் எழுத்துரு இணையத்திலிருந்து வந்து சேருமுன் அளந்தால் மாற்று எழுத்துருவின் அளவே கிடைக்கும். எழுத்துரு வந்ததென்று உலாவி அறிவித்தபின் அளக்கவேண்டும். டிஸ்கி, டாப், டாம் என்று குறியாக்கங்கள் பிரிந்து கிடந்த 1990-களின் இறுதியில், எழுத்துரு வராவிட்டால் அகலம் மட்டுமல்ல, எழுத்தே புரியாது. தமிழ்நாடு அரசு 2010-ல் யூனிகோடை ஏற்றபின் அந்தத் தொல்லை மெல்லக் குறைந்தது.

அளக்கும் வேலையைக் கூடுமானவரை உலாவிக்கே விட்டு, பயனர் செய்த மாற்றத்தை நினைவில் வைக்க மட்டும் நிரலைப் பயன்படுத்துவதே இன்றைக்குப் பொருத்தமான முறை. எல்லாக் காலங்களையும் முதலில் அளந்துவிட்டுப் பிறகு மொத்தமாக மாற்றவேண்டும். ஒன்றை அளந்து ஒன்றை மாற்றினால் ஒவ்வொரு முறையும் பக்கம் முழுதும் மறுகணக்குப் போட்டு, விலை குறைந்த கைபேசி திணறும்.

தமிழில் அட்டவணை அமைப்போருக்கு ஒரு வேண்டுகோள். சோதிக்கும்போது ஊர்ப் பெயர்க் காலத்தில் 'தேனி' என்று இட்டுப் பார்த்து நிறைவடைய வேண்டாம், 'போடிநாயக்கனூர்' என்று இட்டு, கைபேசியில் திறந்து, சராசரி விலை தெரிகிறதா என்று பாருங்கள்.